தண்ணீர் மேல் போட்ட பழி

என் தம்பி கார்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறவன். நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவள். இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். நடுவில் சுவர் கிடையாது. பழைய பேனர் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அவன் பக்கம் ஆசிட் வாடை, என் பக்கம் ரெக்சின் வாடை. என் தையல் மெஷின் நின்றால் அவன் பேச்சு கேட்கும். அவன் பேச்சு நிற்பது அபூர்வம்.

எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுக்கா. ஆனா என்னை நல்லவனா ஆக்கிடாதே, அதுக்கப்புறம் அதைக் காப்பாத்தணும்" என்றான்.

சின்ன வயதில் வீட்டில் இருந்த டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன். படிப்பு ஏறவில்லை. டைனமோவுக்குக் காயில் சுற்றும் கடை ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி கிழித்த கோடுகளாக இருக்கும். ஆனால் முகம் சிரித்துக்கொண்டு இருக்கும். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணி, உங்க தம்பிக்கு நான் பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. தெருக்கோடியில ஒரு காருக்கு பெல்ட் கீச்சுன்னு சத்தம் போட்டா மட்டும் எழுந்து உட்காருவாரு" என்பாள். உண்மைதான். பேச்சுக்கிடையில் கையை உயர்த்தி நம்மை நிறுத்திவிட்டு, "பெல்ட் தளர்ந்திருக்கு, ரெண்டு நாள்ல இங்கதான் வரும்" என்பான். வரும்.

கைவேலை சுத்தம். ஒரு குறைதான், அவனுக்கு வேடிக்கை காட்டப் பிடிக்கும். பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகவில்லை என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், என்ஜினை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக் காட்டுவான். என்ஜின் நிற்காமல் ஓடினால், "பாத்தீங்களா, பேட்டரியே இல்லாம ஓடுது! டைனமோ சிங்கம் மாதிரி இருக்கு" என்பான். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் கற்றுக்கொண்ட வித்தை அது.

அப்புறம் உதிரி பாகம் விற்கிற கம்பெனி ஒன்று எலெக்ட்ரீஷியன்களைக் கூப்பிட்டு வகுப்பு நடத்தியது. போய்விட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னான். "புது வண்டிகள்ல ஓடும்போது வயரைக் கழட்டவே கூடாதாம்க்கா. உள்ள இருக்கறது எல்லாம் கருகிப் போயிடுமாம். அதுக்குன்னு மீட்டர் இருக்காம், அதை வெச்சுத்தான் பாக்கணுமாம்."

"அப்ப இனிமே கழட்டாதே."

"இத்தனை வருஷமா கழட்டறேன், எந்த வண்டி கருகிச்சு? அவங்களுக்கு மீட்டர் விக்கணும், அதான்" என்று சிரித்தான். மீட்டர் ஒன்றை வாங்கவும் செய்தான். உறையைக்கூடப் பிரிக்காமல் ஆணியில் மாட்டினான்.

வாடகைக் கார்கள் மூன்று வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்கள் வாடிக்கை. வண்டிகளுக்கு வயரிங் வேலை எல்லாம் தம்பிதான். சீட் கவர் எல்லாம் நான். அவரிடம் வேலை பார்த்த டிரைவரைக் கார் ஸ்டாண்டில் எல்லோரும் வாளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு வாளியும் துணியுமாக இறங்கிவிடுவார். கண்ணாடி, சக்கரம், கதவிடுக்கு, கடைசியில் பானெட்டைத் திறந்து என்ஜினையும் கழுவுவார். "இவரு வண்டியில ஏறினா செருப்பைக் கழட்டிட்டுத்தான் உட்காரணும் போல இருக்கு" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் கோபப்பட மாட்டார். "உட்காருங்கப்பா, செருப்பையும் கழுவித் தரேன்" என்பார்.

ஒரு நாள் காலையில் வாளி வண்டியைக் கொண்டுவந்தார். "தம்பி, சாவியைத் திருப்பினா சோம்பேறி மாதிரி முனகிட்டு எழுந்திருக்குது. என்னன்னு பாரு."

பேட்டரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. தம்பியும் சுரண்டினான். வண்டி ஒரே திருப்பில் எழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஷெட்டில் வேறு நாலு பேர் நின்றிருந்தார்கள். என்ஜின் ஓடும்போதே மைனஸ் வயரைக் கழற்றித் தூக்கிப் பிடித்தான். "பாத்தீங்களா!" என்றான். வாளி கைதட்டினார். நான் ரெக்சினை வெட்டிக்கொண்டே பார்த்துச் சிரித்தேன். திரும்பப் பூட்டி அனுப்பிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார் வாளி. வைப்பர் மெதுவாகிக்கொண்டே வந்ததாம். ஹெட்லைட் மஞ்சளாகி, நடு ரோட்டில் வண்டி அப்படியே அணைந்துவிட்டதாம். அந்தப் பெண் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் இறங்கி, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போயிருக்கிறாள். வாளி தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றார். முதலாளியும் வந்திருந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

தம்பி டைனமோவைக் கழற்றி, மேசை மேல் வைத்துப் பிரித்தான். நான் பேனர் துணியை விலக்கிப் பார்த்தேன். பிரித்ததும் கருகின வாடை வந்தது. அவன் கை ஒரு நொடி அப்படியே நின்றது.

"எதனால?" என்றார் முதலாளி.

தம்பி கழற்றிய திருகாணிகளை வரிசையாக வைத்தான்.

"எதனாலன்னு கேக்கறேன்ல?"

"தண்ணி போயிருக்கும்" என்றான் தம்பி.

இரண்டே வார்த்தை. யார் பேரையும் அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. முதலாளி திரும்பி வாளியைப் பார்த்தார். "என்ஜின்ல தண்ணி ஊத்தாதே, ஊத்தாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? வண்டியைக் குளிப்பாட்டினது போதும், சாவியை வை." வாளி ஈரச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல், அந்தக் கருகின டைனமோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புது டைனமோ மாட்டி வண்டியை அனுப்பியாயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் என் தம்பி என்னிடம் சொன்னான். "அக்கா, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வறண்டு கிடந்துச்சு. நான் வயரைக் கழட்டினேன் பாரு, அதுலதான் போச்சு."

"தண்ணின்னு சொன்னியே?"

"வாயில வந்துடுச்சு."

"நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லிடு."

"சொல்றேன்" என்றான்.

சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. முதலாளியின் வண்டிகள் மூன்றும் போய்விடும், ஸ்டாண்டு முழுக்கப் பேச்சாகிவிடும் என்ற பயம். அவர் கோபம் ஆறட்டும், தானே வாளியைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான். முதலாளி கூப்பிடவில்லை. வேறு டிரைவர் போட்டுவிட்டார்.

காலையில் ஷெட்டைத் திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். ஆண்டவனே, இன்றைக்குக் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வோம். அதன்பிறகு அவன் என்னோடு நிற்பதில்லை. நான் கண்ணைத் திறக்கும்போது ஷட்டரின் மறுபக்கம் போய் எதையோ பெருக்கிக்கொண்டிருப்பான். அவனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்காகவும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். வாளிக்காகவும் கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது எனக்கே சங்கடமாக இருந்தது.

பேச்சு குறைந்துவிட்டது. வயரைத் தூக்கிக் காட்டும் வித்தையும் நின்றது. மீட்டரை உறை பிரித்து எடுத்தான். "என்ன அண்ணி, உங்க தம்பி நான் பேசறதை எல்லாம் கேக்கறாரு? உடம்பு சரியில்லையா?" என்று அவன் பெண்டாட்டி பயந்துபோய் வந்து கேட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் வாளி ஷெட்டுக்கு வந்தார். கையில் வாளி இல்லை.

"வாங்கண்ணே" என்று தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"உட்காரு தம்பி, உட்காரு. அன்னைக்கு மழையில உனக்கு வேற தொல்லை குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ." அவரே பேசினார். "ஒரு இடத்துல வேலைக்குக் கேட்டிருக்கேன். வண்டி ஓட்டத் தெரியும், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு இத்தனை வயசுக்கும் தெரியாது. தெரியாமதானே தண்ணியை ஊத்திக் கெடுத்தேன். இந்தச் சார்ஜ் ஏறற சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிக் குடு. இன்னொருத்தர் வண்டியையும் நான் கெடுக்கக் கூடாது."

"அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப?"

"சொல்லுப்பா. வீட்டுல அவகிட்ட நானே என் புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப நான் டம்ளரைக் கையில எடுத்தாலே, பாத்து, எது மேலயாவது ஊத்திடப் போறீங்கங்கறா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தையலில் குனிந்துகொண்டேன்.

தம்பி என்னைப் பார்த்தான். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான்.

"பேட்டரி வண்டியை எழுப்பறதுக்கு மட்டும்தாண்ணே" என்று ஆரம்பித்தான். "சாவியைத் திருப்பறீங்க, அது ஒரு மூச்சுல பெரிய பலத்தைக் குடுத்து என்ஜினைச் சுத்திவிடுது. என்ஜின் எழுந்ததும் அதோட பெல்ட் டைனமோவைச் சுத்தும். அப்புறம் லைட்டு, வைப்பர், ஹாரன், ஏசி எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கறது டைனமோ. காலையில பேட்டரி செலவு பண்ணினதையும் அதுதான் திருப்பி ஏத்தும்."

"அப்ப சாவி போட்டதும் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு ஒண்ணு எரிஞ்சு அணையுமே?"

"அணைஞ்சா டைனமோ வேலையை எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். அணையாம எரிஞ்சா, இல்ல லேசா மினுங்கினாக்கூட, உடனே ஓரம் கட்டிடணும். அதுக்கு மேல ஓடறதெல்லாம் பேட்டரியோட கைக்காசு. தீர்ந்ததும் வண்டி நின்னுடும்."

"அன்னைக்கு மினுங்கிச்சு தம்பி. வெயில்ல தெரியல. மழை வந்து இருட்டினப்புறம்தான் பாத்தேன். அந்தப் பொண்ணை வீட்டுல விட்டுட்டுப் பாத்துக்கலாம்னு ஓட்டினேன்."

தம்பி அவசரமாக அடுத்ததுக்குப் போனான். "டைனமோ உள்ள ஒரு காந்தம் சுத்தும். சுத்திலும் செம்புக் கம்பி. அதுல பிறக்கற கரண்ட் முன்னும் பின்னுமா ஆடிக்கிட்டே வரும். பேட்டரிக்கு அது ஆகாது. அதை ஒரே பக்கமாப் போக வைக்கறதுக்கு டயோடுன்னு சின்னச் சின்ன வில்லைங்க இருக்கு, உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. அப்புறம் ரெகுலேட்டர். வீட்டு மேல்தொட்டியில ஒரு பந்து மிதக்கும் பாருங்க, தொட்டி நிறைஞ்சா குழாயை மூடிடும். அது மாதிரி. என்ஜின் எவ்வளவு வேகமா சுத்தினாலும் பதினாலு வோல்ட்டைத் தாண்டி ரொம்ப ஏற விடாது."

"சரி, பேட்டரி?"

"பேட்டரிதான் தொட்டி. கரண்ட் திடீர்னு எகிறினாலும் அது வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினான். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. வாளி அதற்குள் மேசைக்கு அடியில் கையைவிட்டார். கழற்றிப் போட்ட பழைய டைனமோ அங்கேதான் கிடந்தது. அதை அவன் தூக்கிப் போடவும் இல்லை, விற்கவும் இல்லை. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி எது வழியா போச்சு, அதைக் காட்டு. இதுல துருவே காணோமே. தண்ணி போன இடம் துருப்பிடிக்கணும்ல?"

தம்பி அவர் கையிலிருந்த டைனமோவையே பார்த்தான்.

"தண்ணி போகலண்ணே" என்றான்.

"என்னது?"

"ஓடற வண்டியில தொட்டியைப் பிடுங்கிட்டா, வர்ற கரண்ட் போக இடமில்லாம மேல எகிறும். எகிறி உள்ள இருக்கற வில்லைங்களை எல்லாம் கருக்கிடும். ஒண்ணு ரெண்டு அப்பவே போகும், மிச்சம் மறுநாள் போகும். அன்னைக்கு நான் வயரைக் கழட்டித் தூக்கிக் காட்டினேன்ல. நீங்க கைதட்டினீங்களே. அப்பதான் போச்சு. பிரிச்ச உடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தண்ணின்னு சொன்னேன்."

என் மெஷின் நின்றிருந்தது. வெளியே யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். வாளி டைனமோவை மெதுவாக மேசை மேல் வைத்தார். துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"வேலை போனதைக்கூட விடு" என்றார். "அந்தக் குழந்தை மழையில நனைஞ்சுது தம்பி. காய்ச்சல் வந்திருக்குமோ என்னமோன்னு தினமும் நினைச்சு நினைச்சுக் கும்பிடறேன். என்னாலன்னு நினைச்சேன்."

தம்பி அவர் காலைத் தொடப் போனான். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "என் கால்ல விழுந்து என்ன ஆகப் போகுது? முதலாளி கால் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

அப்போதே கிளம்பினார்கள். நானும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனேன். முதலாளி ஸ்டாண்டில்தான் இருந்தார். தம்பி சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது ஆளும் குடும்பஸ்தன். அவனை எப்படி அனுப்பறது?" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "நான் இவரை இங்கே எல்லார் எதிர்லயும் வெச்சுத்தான் தண்ணிக்காரன், வண்டியைக் கெடுத்தவன்னு பேசினேன். எனக்கு நீ சொன்னது போதாது. அவங்களுக்குச் சொல்லு" என்றார். டிரைவர்களை அவரே கூப்பிட்டார்.

தம்பி சொன்னான். நடு வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் கேட்டதையும் மீட்டரை மாட்டிவைத்ததையும்கூட விடாமல் சொன்னான். ஒருவர், "அப்ப உன் சிங்கம்தான் கருகிப் போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வாளி நடந்து போய்விட்டிருந்தார்.

முதலாளியின் வண்டிகள் வேறு கடைக்குப் போய்விட்டன. அதற்குத் தம்பி வருத்தப்படவில்லை, அல்லது என்னிடம் காட்டவில்லை. வாளியை ஸ்டாண்டில் ஆள் இல்லாத வண்டிகளுக்கு மாற்று டிரைவராகக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு நாள் ஒருவர் வண்டி, மறுநாள் இன்னொருவர் வண்டி. நிலையான வேலை இல்லை. ஆனால் பழிச்சொல் போய்விட்டது என்று அவர் பெண்டாட்டி என் தம்பி பெண்டாட்டியிடம் கடைத்தெருவில் சொன்னாளாம்.

சில வாரம் கழித்து அவர் ஒரு வண்டியோடு எங்கள் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றார். பேட்டரி லைட்டு எரிகிறதாம். உள்ளே வரவில்லை. முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன், உட்காரவில்லை. டீ சொல்லட்டுமா என்றால், "இருக்கட்டும்மா, இப்பதான் குடிச்சேன்" என்றார். தம்பி என்ஜினை ஓடவிட்டு, வயரைத் தொடாமல், மீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். இறுக்கினான். லைட்டு அணைந்தது.

"பெல்ட் மட்டும்தாண்ணே. டைனமோ நல்லா இருக்கு. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை, ஓனர்கிட்டச் சொல்லுங்க."

"எழுதிக் குடு" என்றார் வாளி.

"என்னண்ணே?"

"என்ன கெட்டுச்சு, எதனால கெட்டுச்சுன்னு எழுதி, கீழே உன் பேரைப் போட்டுக் குடு தம்பி. வாயால சொன்னா ஆகாது."

குரலில் கோபம் இல்லை. விலாசம் கேட்பது போலத்தான் கேட்டார். என் தம்பி ஒரு பெல்ட் அட்டைப் பெட்டியைக் கிழித்து, காரின் மேல் வைத்து, மெதுவாக எழுதினான். அவர் அதை வாங்கி, வாய்க்குள்ளேயே ஒரு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தம்பி பேனாவைப் பிடித்தபடியே தெருவைப் பார்த்து நின்றான். அடுத்த வண்டிக்காரர், "என்னப்பா, நமக்கும் எழுதித் தருவியா?" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

"தரேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த அட்டையைக் கிழித்தான்.